முன்னேற இடம் வைக்காதவள்

கடிதம் காக்கி உறையில் வந்தது. "தங்கள் மகள் ஆண்டுத் தொடக்கத்தில் எழுதிய முதல் இலக்கியக் கட்டுரையிலேயே நூற்றுக்குத் தொண்ணூற்றொரு மதிப்பெண் பெற்றிருப்பது இம்மையத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. இதற்கான காரணத்தைத் தாங்கள் நேரில் வந்து விளக்க வேண்டும்" என்று அதில் அச்சாகியிருந்தது. கீழே கட்டுரை மேம்பாட்டு மையத்தின் முத்திரை. முத்திரைக்குள் ஒரு பேனா, பேனாவுக்கு மேலே திறந்தபடி ஒரு கண்.

மீட்டர்காரர் அதை மூன்று தடவை படித்தார். பத்தொன்பது வருடமாக வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு வருகிற மனிதர் அவர். அந்த வேலை நல்ல மனிதனையும் கெடுத்துவிடும். எட்டுப் பேர் இருக்கிற வீட்டில் மீட்டர் நகரவில்லையென்றால், மீட்டருக்கு முன்னாலேயே குழாயைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் கண்டபடி ஓடினால் எங்கேயோ ஒழுகுகிறது. எண் தானாக ஏறாது, தானாக நிற்காது. வாசலில் ஒரு நாய் வாலை ஆட்டினால்கூட இது எதை மறைக்க ஆட்டுகிறது என்று யோசிப்பார். அப்படிப்பட்டவர் மகளுக்குத் தொண்ணூற்றொன்று என்று கண்டதும் சந்தோஷப்படவில்லை. எங்கே ஒழுகுகிறது என்றுதான் யோசித்தார்.

"இது நீ எழுதினதாம்மா?" என்று மகளைக் கேட்டார்.

"எதுப்பா?"

"இந்தத் தொண்ணூத்தொன்னு."

"அத நான் எழுதலப்பா. கட்டுரையத்தான் எழுதினேன். தொண்ணூத்தொன்ன அவங்க எழுதினாங்க."

நியாயமான பதில்தான். நியாயமான பதில் சொல்கிற வீடுகளைத்தான் அவர் இன்னொரு தடவை போய்ப் பார்ப்பது வழக்கம்.

துணிக்கடையிலிருந்து வந்து அப்போதுதான் செருப்பைக் கழற்றிய மனைவிக்குக் கடிதத்தைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. "மார்க்கு குறைஞ்சாத்தான் கூப்பிட்டு விடுவாங்க. கூடினாலும் கூப்பிடுறாங்களே, இது என்ன கூத்துங்க?" என்றாள்.

கூத்து என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. மகளுக்கு இது பள்ளியில் கடைசி வருடம். கல்லூரியில் இலக்கியம் படிக்க வேண்டும் என்று மூன்று வருடமாக ஒற்றைக்காலில் நிற்கிறாள். மையம் தருகிற மேம்பாட்டுச் சான்று இல்லாமல் எந்தக் கல்லூரியும் அந்தப் படிப்புக்கு விண்ணப்பத்தைக்கூட வாங்காது. அந்தச் சான்றுக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போய் இலக்கிய டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கடிதத்தைப் பார்த்ததும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். பிறகு கதவையும் சாத்தினார்.

"சார், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. முதல் கட்டுரைன்னா எப்படி எழுதணும்னு எல்லாப் பிள்ளைங்களுக்கும் தெரியும்."

"எப்படி எழுதணும்?"

டீச்சர் சாத்திய ஜன்னலை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார். "ரொம்ப மெனக்கெடக் கூடாது" என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்தி அவர் மென்று விழுங்கிச் சொன்னதன் சாரம் இது. மையம் கட்டுரையை அளப்பதில்லை, முன்னேற்றத்தை அளக்கிறது. வருடத் தொடக்கத்தில் ஒரு கதையைப் பற்றி முதல் கட்டுரை. வருடக் கடைசியில் அதே கதையைப் பற்றி இரண்டாம் கட்டுரை. இரண்டாவது மதிப்பெண்ணிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவது முன்னேற்றம். நாற்பதுக்கு மேல் இருந்தால் சான்று. இந்தக் கணக்கின் சூட்சுமத்தைப் பள்ளிகள் இரண்டே வருடத்தில் பிடித்துக்கொண்டன. இரண்டாம் கட்டுரையை உயர்த்துவது கஷ்டம், முதல் கட்டுரையைத் தாழ்த்துவது சுலபம். அதனால் வருடத் தொடக்கத்தில் பிள்ளைகளுக்கு மட்டமாக எழுதச் சிறப்பு வகுப்புகள் நடந்தன. ஒரு பள்ளியில் கதையின் தலைப்பையே தப்பாக எழுதப் பழக்கினார்கள். இன்னொரு பள்ளியில் கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கியெடுத்து, காலையிலிருந்து மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டு, கை நடுங்க நடுங்கக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். அந்தப் பள்ளிக்குத்தான் போன வருடம் முதல் பரிசு.

"எங்க பிள்ளைங்ககிட்டயும் பக்குவமா சொல்றதுதான் சார். இந்த வருஷம் பாத்து அன்னிக்கு எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு. ஒரு வார்த்தை பேச முடியல. மத்த பிள்ளைங்க பழக்கத்துல எழுதிட்டாங்க. உங்க பொண்ணு போன வருஷம் நடுவுலதான் இங்க வந்து சேர்ந்தா. பாவம், அவளுக்குத் தெரியல. நல்லா எழுதிட்டா."

"கட்டுரை எப்படி இருந்துச்சு டீச்சர்?"

டீச்சர் பதறிப்போனார். "ஐயோ, நான் படிக்கல சார்! பிள்ளைங்க எழுதினதும் உறையில போட்டு அரக்கு வெச்சிடணும். படிச்சேன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும்."

மீட்டர்காரர் படியிறங்கும்போது டீச்சரைப் பற்றியும் ஒரு சந்தேகத்தைச் சேர்த்துக்கொண்டார். படிக்காதவருக்கு நல்லா எழுதிவிட்டாள் என்று எப்படித் தெரியும்?

மறுநாள் வேலைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு மையத்துக்குப் போனார். மூன்று மாடிக் கட்டடம். வாசலில் காவலாளி அவருடைய பையைப் பிரித்து, உள்ளே இருந்த டார்ச்சையும் சட்டைப்பையில் இருந்த பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டார். உள்ளே பேனா கொண்டுபோகக் கூடாது என்பது விதி. பேனா இருந்தால் யாராவது எதையாவது எழுதிவிடலாம் அல்லவா?

மேம்பாட்டு அலுவலரின் அறை இரண்டாம் மாடியில். ஊரில் அவருக்கு வித்தியாசம் சார் என்று பெயர். எதைச் சொன்னாலும் அதிலிருந்து எதையாவது கழித்துப் பார்ப்பார். சுவர் முழுக்க வரைபடங்கள், எல்லாவற்றிலும் ஒரு சிவப்புக் கோடு தரையிலிருந்து கிளம்பிக் கூரையைப் பார்த்து ஏறியது. ஒரே ஒரு வரைபடத்தில் மட்டும் கோடு மேலேயே ஆரம்பித்து மேலேயே நின்றிருந்தது. அதன் அடியில் மகளின் பதிவு எண் இருந்தது.

"உக்காருங்க" என்றார் அலுவலர். "உங்க பொண்ணு மேல எங்களுக்கு எந்தக் கோபமும் இல்ல. ஆனா நீங்களே யோசிச்சுப் பாருங்க. தொண்ணூத்தொன்னுல ஆரம்பிச்சா மேல போக ஒன்பதுதான் மிச்சம். முன்னேற இடமே வைக்காம எழுதியிருக்கா. நாங்க மேம்படுத்தறதுக்கு முன்னாடியே ஒரு பொண்ணு நல்லா எழுதிட்டா, அப்புறம் நாங்க எதுக்கு சார்? மூணு மாடி எதுக்கு?"

மூன்று மாடியும் எதற்கு என்று மீட்டர்காரருக்கும் தெரியவில்லை.

"தொண்ணூத்தொன்னு போட்டது நீங்கதானே சார்?" என்று மெல்லக் கேட்டார்.

அலுவலரின் முகம் சுருங்கியது. "அதுவும் ஒரு துரதிர்ஷ்டம். திருத்தறதுக்கு ஏழு கட்டம் போட்ட தாள் இருக்கு. எத்தனை வரி, எத்தனை பத்தி, எத்தனை எடத்துல 'எனவே', எத்தனை எடத்துல 'ஆகவே'... எண்ணிப் போட்டுட்டுப் போகலாம். இந்தக் கட்டுரை ஒரு புது ஆள் கைல போயிடுச்சு. அவருக்கு முறை தெரியல. படிச்சுட்டார்."

"படிச்சுட்டாரா?"

"முழுசா. ஓரத்துல 'கண் கலங்கிவிட்டது'ன்னு வேற எழுதியிருக்கார். கண் கலங்கின நிலைமைல போட்ட மார்க்கு செல்லுமா செல்லாதான்னு சட்டப் பிரிவுகிட்ட கேட்டிருக்கோம். அவரை ஆவண அறைக்கு மாத்திட்டோம். அங்க படிக்கிற மாதிரி எதுவும் இல்ல."

"அந்தக் கட்டுரைய நான் ஒரு தடவை பாக்கலாங்களா?"

"சீல் வெச்சாச்சே! விசாரணைல இருக்கிற கட்டுரைய யாரும் படிக்கக் கூடாது. படிச்சா ஒரு பக்கமா சாய்ஞ்சிடுவோம். நானே படிக்கல."

பிறகு அலுவலர் ஒரு தடித்த கோப்பைத் திறந்து, மையம் எவ்வளவு நேர்மையாக நடந்துகொள்கிறது என்று விளக்கினார். மகளின் கட்டுரையைப் பன்னிரண்டாயிரம் கட்டுரைகளோடு இயந்திரத்தில் ஒப்பிட்டிருக்கிறார்கள். எதோடும் ஒத்துப்போகவில்லை.

"அப்போ அவ காப்பியடிக்கலன்னுதானே அர்த்தம்?" மீட்டர்காரருக்கு முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது.

"அவசரப்படாதீங்க. மத்த பன்னிரண்டாயிரமும் ஒன்னுக்கொன்னு அப்படியே ஒத்துப்போகுது. அதனால அதெல்லாம் அந்தந்தப் பிள்ளைங்க எழுதினதுன்னு உறுதியாகுது. இது மட்டும் எதோடயும் ஒட்டல. அப்படின்னா என்ன அர்த்தம்? எங்க இருந்து எடுத்ததுன்னு நமக்கு இன்னும் தெரியல."

இதைக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டும். நம்முடைய மீட்டர்காரர் சிரிக்கவில்லை. தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி ஓடி, ஒரு வீட்டில் மட்டும் வேறு மாதிரி ஓடினால் அவரும் அந்த வீட்டுத் தோட்டத்தைத்தான் தோண்டச் சொல்லியிருப்பார். பத்தொன்பது வருடப் பழக்கம் அவரைக் கழுத்தைப் பிடித்து 'ஆமாம்' என்று தலையாட்ட வைத்தது. ஆட்டிவிட்டு அவருக்கே வெட்கமாக இருந்தது.

மகள் கட்டுரை எழுதிய கதை எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவானது. ஒரு கணக்கெடுப்பாளன் தெருத்தெருவாகப் போய், ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் என்று கேட்டு எழுதுகிறான். கடைசியில் தன் வீட்டுக்கு வரும்போது கையில் படிவம் தீர்ந்துவிடுகிறது. அவ்வளவுதான் கதை. மையம் வெளியிட்ட மாதிரிக் கட்டுரை, இந்தக் கதை மக்கள்தொகைப் பெருக்கத்தின் தீமைகளையும் அரசுப் படிவங்களைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டியதன் அவசியத்தையும் வலியுறுத்துவதாகத் தெரிவித்தது. பன்னிரண்டாயிரம் பிள்ளைகளும் அதையே தெரிவித்திருந்தார்கள்.

அடுத்த வாரம் மகளுக்கு விசாரணை. நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று உறுப்பினர்கள், இந்தப் பக்கம் அவள். அப்பாவுக்குக் கதவோரம் ஒரு முக்காலி. நடுவில் அரக்கு வைத்த உறை ஒன்று குற்றவாளி மாதிரி கிடந்தது.

"கட்டுரை எழுதும்போது எந்தப் பக்கம் பாத்தே?" என்றார் முதல் உறுப்பினர்.

"காகிதத்தப் பாத்தேன் சார்."

"முழு நேரமுமா?"

"நடுவுல கொஞ்ச நேரம் சும்மா யோசிச்சேன்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது உறுப்பினர் 'யோசித்ததாக ஒப்புக்கொள்கிறாள்' என்று எழுதிக்கொண்டார்.

"இதுக்கு முன்னாடி கதைப் புத்தகம் எல்லாம் படிச்சிருக்கியா?"

"படிப்பேன் சார்."

"யார் படிக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"யாருமே சொல்லாம?" என்று மூன்றாவது உறுப்பினர் அதிர்ச்சியோடு கேட்டார். அதுவும் பதிவாயிற்று.

கடைசியாக அவர்கள் எதிரிலேயே உட்கார்ந்து, அந்த மேசையைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னார்கள். முதல் உறுப்பினர் அவளுடைய வலது கையைக் கவனித்தார், இரண்டாமவர் இடது கையைக் கவனித்தார், மூன்றாமவர் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். அவள் எழுதிக் கொடுத்தாள். தாளை இயந்திரத்தில் விட்டு எடுத்தார்கள்.

"முதல் கட்டுரையோட நடை அப்படியே ஒத்துப்போகுது" என்றார் முதல் உறுப்பினர்.

முக்காலியில் இருந்த மீட்டர்காரர் எழுந்தேவிட்டார். "பாத்தீங்களா சார்! ரெண்டையும் ஒரே ஆள்தான் எழுதியிருக்குன்னு தெரிஞ்சுபோச்சே!"

"அதத்தான் நாங்களும் சொல்றோம். முதல் கட்டுரைய எழுதிக் கொடுத்த அதே ஆள்தான் இதையும் எழுதிக் கொடுத்திருக்கான்."

"நீங்க மூணு பேரும் பாத்துக்கிட்டே இருந்தீங்களே!"

"அதான் பயமா இருக்கு" என்றார் முதல் உறுப்பினர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "எங்க மூணு பேர் கண்ணுலயும் மண்ணைத் தூவிட்டான்னா எவ்வளவு பெரிய ஆளா இருக்கணும்!"

விசாரணை முடிந்து மகள் வெளியே போனபின், வித்தியாசம் சார் மீட்டர்காரரைத் தனியே அழைத்துப்போய்த் தோளில் கை போட்டார். நல்ல மனசுக்காரர்தான். கெடுதல் செய்கிற இடங்களில் நல்ல மனசுக்காரர்கள் ஒரு நாற்காலியிலாவது இருப்பார்கள்.

"ஒரு வழி இருக்கு சார். இந்த முதல் கட்டுரை அவ எழுதினது இல்லன்னு வீட்டுல யாராவது ஒப்புக்கிட்டா, அத ரத்து பண்ணிடலாம். ரத்து பண்ணினா முதல் மார்க்கு பூஜ்யம். இரண்டாவது கட்டுரைல எண்பது எடுத்தாக்கூட எண்பது முன்னேற்றம். சான்று என்ன, கேடயமே கிடைக்கும்."

"அப்போ அவ காப்பியடிச்சான்னு ஆகாதா?"

"காப்பியடிச்சுக்கிட்டிருந்த பொண்ண மையம் சொந்தமா எழுத வெச்சிருக்குன்னு ஆகும். எங்களுக்கும் நல்லது, அவளுக்கும் நல்லது. ஒரே ஒரு கையெழுத்து."

பழுதான மீட்டரின் பழைய அளவை ரத்து செய்துவிட்டுப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவது மீட்டர்காரருக்குப் பழக்கமான காரியம். அதில் யாரும் அழுததாக அவருக்கு நினைவில்லை. படிவத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் அதை மேசைமேல் விரித்தபோது, 'கட்டுரையை உண்மையில் எழுதியவர்' என்ற இடம் காலியாக இருந்தது.

"என் பேர் போட்டுக்கறேன்" என்றார்.

மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். "நீங்களா? கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு நீங்க போட்ட கடுதாசி இன்னும் இருக்கு. 'நலம், நலமறிய ஆவல், மழை இல்லை.' அதுக்கு மேல ஒரு வரி கிடையாது. உங்களைப் போய் யாருங்க நம்புவாங்க?"

"அவங்க நம்புவாங்க. அவங்களுக்கு யாராவது ஒருத்தர் வேணும்."

மகள் படிவத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. அதுதான் அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"போடுங்கப்பா. எனக்குக் காலேஜ் போகணும்" என்றாள். படிவத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டு, "ஆனா உண்மையச் சொல்லுங்க. நான்தான் எழுதினேன்னு நீங்க நம்புறீங்களா?" என்று கேட்டாள்.

'நம்புறேன்' என்பது ஒரே ஒரு சொல். அவர் அதைச் சட்டென்று சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அவருக்குத் தொண்ணூற்றொன்று ஞாபகம் வந்தது, பன்னிரண்டாயிரம் ஞாபகம் வந்தது, மேசைக்கு அடியில் குனிந்து பார்த்த மனிதர் ஞாபகம் வந்தார். "அவ்வளவு பெரிய எடத்துல, காரணம் இல்லாமலா கேப்பாங்கன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு வந்த மாதங்களில் அவள் அவரிடம் மரியாதையாகத்தான் பேசினாள். சாப்பிட வாங்கப்பா, குடை எடுத்துக்கோங்கப்பா. படித்த புத்தகத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது. முன்பெல்லாம் அவர் கேட்கிறாரா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

வருடக் கடைசியில் அவள் இரண்டாம் கட்டுரை எழுதினாள். ஏழு கட்டங்களையும் மனப்பாடம் செய்துகொண்டு போய், பதினான்கு இடங்களில் 'எனவே' போட்டு, மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தாள். தொண்ணூறு வந்தது. முதல் மதிப்பெண் பூஜ்யம், இரண்டாவது தொண்ணூறு. மையத்தின் சரித்திரத்திலேயே இவ்வளவு பெரிய வித்தியாசம் வந்ததில்லை என்று அலுவலர் தொலைபேசியில் நா தழுதழுக்கச் சொன்னார்.

விழா மையத்தின் மூன்றாம் மாடி அரங்கில், காலை பத்து மணிக்கு. முந்நூறு ஆசிரியர்கள், மேடையில் தலைவர், அலுவலர், மூன்று உறுப்பினர்கள். தலைவர் பேசினார்.

"இந்த மாணவி நம்மிடம் வரும்போது ஒரு வரி சொந்தமாக எழுதத் தெரியாதவள். இன்றைக்கு அவளுடைய கட்டுரை, சிறந்த மாணவர்கள் பன்னிரண்டாயிரம் பேருடைய கட்டுரையிலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்கு உயர்ந்திருக்கிறது! ஒவ்வொரு பிள்ளையும் தனியாகச் சிந்தித்து ஒரே முடிவுக்கு வர வேண்டும் என்பதுதான் இம்மையத்தின் கனவு. இலக்கியத்தை நாங்கள் பிள்ளைகளிடமிருந்து ஒருபோதும் பிரிக்கவில்லை. இரண்டையும் தனித்தனி உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறோம்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மகளின் கையில் கேடயம் வந்தது. மீட்டர்காரர் முன்வரிசையில் புதுச் சட்டை கழுத்தை அறுக்க உட்கார்ந்திருந்தார். சான்று கிடைத்துவிட்டது, இனி யாரும் பிடுங்க முடியாது, வீட்டுக்குப் போனதும் அவளிடம் மனம்விட்டுப் பேசிவிடலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

அப்போது தலைவர் அவரை மேடைக்கு அழைத்தார். உண்மையை ஒப்புக்கொண்ட முதல் பெற்றோராம். பொன்னாடை போர்த்தினார்கள். மேம்பாட்டுக்கு முந்தைய கட்டுரை எப்படி இருக்கும் என்று ஆசிரியர்கள் ஓர் எச்சரிக்கையாகத் தெரிந்துகொள்ள, அதை எழுதியவர் வாயாலேயே இரண்டு பத்தி படிக்க வேண்டும் என்றார்கள். அலுவலர் முந்நூறு பேர் முன்னால் அரக்கை உடைத்து, உறையிலிருந்து தாள்களை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

மகளின் கையெழுத்து. ஒலிபெருக்கி அவருடைய மூச்சையும் சேர்த்து அரங்குக்கு அனுப்பியது. படிக்கத் தொடங்கினார்.

"இந்தக் கதையில் கணக்கெடுப்பாளனுக்கு எல்லோரும் பதில் சொல்கிறார்கள். நான்கு பேர், ஆறு பேர், இரண்டு பேர். ஆனால் கதவைத் திறந்தவர்களில் ஒருவர்கூட அவன் முகத்தைப் பார்த்ததாகக் கதையில் இல்லை. இரண்டு முறை தேடிப் பார்த்தேன். எண்ணிக்கொண்டே போகிறவனை யாரும் எண்ணுவதில்லை. எனக்கு இது புதிதாக இல்லை. என் அப்பா தண்ணீர் மீட்டர் பார்ப்பவர்."

அவர் நின்றுவிட்டார்.

தலைவர் ஊக்கப்படுத்துகிற மாதிரி அவர் பக்கம் சாய்ந்தார். "அடடே, உங்க அப்பாவும் மீட்டர்தான் பாத்தாரா? பரம்பரைத் தொழிலா?"

"இல்லைங்க" என்றார் மீட்டர்காரர். "எங்க அப்பா லாரி ஓட்டினாருங்க."

அவர் சொன்னது ஒலிபெருக்கியில் கணீரென்று கேட்டது. முந்நூறு ஆசிரியர்களும் மையத்தில் பயிற்சி பெற்றவர்கள்தான் என்றாலும் முட்டாள்கள் இல்லை. பின்வரிசையிலிருந்து ஒரு முணுமுணுப்பு கிளம்பி முன்னே வந்தது. வித்தியாசம் சார் பாய்ந்து வந்தார். "போதும் சார், நேரமாச்சு. தாளக் கொடுங்க. மேல படிச்சீங்கன்னா ரத்து செல்லாமப் போயிடும், சான்று போயிடும். உங்க பொண்ணு வாழ்க்கை சார்" என்று காதில் கிசுகிசுத்தார். மீட்டர்காரர் தாளைப் பாதி நீட்டிவிட்டார். மகளைப் பார்த்தார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு இதைத் தட்டிவிட அவருக்கு என்ன உரிமை?

அவள் கேடயத்தைத் தலைவரின் மேசையில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிச்சத்தையும் படிங்கப்பா" என்றாள்.

அவர் படித்தார்.

"போன வருடம் ஒரு மழை நாளில் பள்ளி விட்டு வரும்போது, ஒரு பெரிய வீட்டு வாசலில் அப்பா குனிந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து 'யாரது?' என்று கேட்டார்கள். அப்பா 'மீட்டர்' என்றார். என் தோழிகள் அவரைத் தாண்டிப் போனார்கள். நானும் போனேன். அப்பா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. கதையில் கணக்கெடுப்பாளனைப் பார்க்காமலே கதவைச் சாத்துகிற பெண்ணைக் கல்நெஞ்சக்காரி என்று வகுப்பில் எல்லோரும் சொன்னார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. அவளை எனக்குத் தெரியும்."

படித்து முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார். அரங்கில் யாரும் கைதட்டவில்லை. மேடை ஓரத்தில் வித்தியாசம் சார் ஒரு துண்டுத் தாளில் அவசர அவசரமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ரத்து செல்லாது, முதல் மதிப்பெண் மறுபடி தொண்ணூற்றொன்று, இரண்டாவது தொண்ணூறு. கழித்துப் பார்த்துவிட்டு வெளிறிய முகத்தோடு தலைவரிடம் போனார்.

"சார், ஒன்னு குறையுது. ஒரு வருஷம் நம்மகிட்ட இருந்து ஒரு மார்க்கு கீழ இறங்கியிருக்கா."

தலைவர் சான்றைத் திரும்ப வாங்கச் சொன்னார், பொன்னாடையையும் வாங்கச் சொன்னார். உறுப்பினர்கள் மூவரும், முதல் கட்டுரையை எழுதிக்கொடுத்த ஆள் அரங்கில்தான் எங்கோ இருக்கிறான் என்று கதவுகளைச் சாத்த ஓடினார்கள். அதற்குள் அப்பாவும் மகளும் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

முதல் மாடி திருப்பத்தில் அவர் நின்றார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது. சந்தேகப்படத் தெரிந்த அளவுக்கு அவருக்கு அது தெரியாது. "இனிமே காலேஜுக்கு என்ன பண்றதுன்னு தெரியலம்மா" என்றார்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்பா" என்றாள் அவள். கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அன்னிக்கு மழைல... நான் தாண்டிப் போனப்ப நீங்க என்னைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏன் கூப்பிடல?"

"சிநேகிதிங்களோட வர்றியே, உனக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான்" என்றார் மீட்டர்காரர். "ரீடிங் எடுத்து முடிச்சிருந்தேம்மா. நீங்க எல்லாரும் போற வரைக்கும் சும்மா குனிஞ்சுக்கிட்டு இருந்தேன்."